டெபியனில் பொதிகளைச் சோதித்தலும் பழுதறிதலும்: முழுமையான வழிகாட்டி

ஒரு நிரல் பழுதானதும் அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்ப்பதே நம்மில் பெரும்பாலோரின் முதல் வேலை. பல நேரங்களில் அது பலன் தருவதும் உண்டு. ஆனால் ஏன் பலன் தந்தது என்பது தெரியாமலே போவதால், அடுத்த மேம்படுத்தலின்போது அதே பழுது திரும்ப வந்து நிற்கும். லினக்ஸ் உள்ளிட்ட யுனிக்ஸ் வழி இயங்குதளங்களில் பழுதுக்கான தடயங்கள் பெரும்பாலும் உரைக்கோப்புகளாகவே கிடைக்கின்றன. அவசர மறுநிறுவலில் அவற்றுள் பல அழிந்துவிடுகின்றன. ஆகவே இவ்வழிகாட்டி முழுவதும் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறேன்: பழுதை நினைத்தபோதெல்லாம் வரவழைக்க முடிகிற நிலைக்குக் கொண்டுவந்த பிறகே அதைச் சரிசெய்யக் கை வைக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு அமைப்பாக, 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய லினக்ஸ் வழங்கலான டெபியனைக் கொள்கிறேன். உபுண்டுவும் லினக்ஸ் மின்ட்டும் அதன் வழிவந்தவை என்பதால் இங்கே சொல்வனவற்றில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். ஃபெடோராவிலோ ஃப்ரீபிஎஸ்டியிலோ கட்டளைகள் மாறும். ஆராயும் வரிசை மாறாது. முனையத்தில் ஆங்கில எழுத்துகளில் இடவேண்டிய கட்டளைகளை இங்கே அவை ஒலிக்கும் விதத்தில் எழுதியிருக்கிறேன்.

முதற்படி: சோதனைக்கு ஒரு தனி இடம்

அன்றாடம் பயன்படுத்தும் கணினியிலேயே புதிய பொதியை (நிறுவுவதற்கேற்பக் கட்டித் தரப்படும் நிரலை) சோதிப்பது, குடியிருக்கும் வீட்டின் அடுப்பங்கரையில் பட்டாசு செய்வதற்கு ஒப்பாகும். டெபூட்ஸ்ட்ராப் என்னும் கருவி, வெற்று அடைவு ஒன்றினுள் குறைந்தபட்ச டெபியன் அமைப்பை நிறுவித் தருகிறது. அதற்குச் சில நூறு மெகாபைட் இடம் போதும். அந்த அடைவினுள் சிஎச்ரூட் கட்டளை வழியாகவோ, இயங்கும் செயல்முறைகளையும் பிரித்து வைக்கும் சிஸ்டம்டி-என்ஸ்பான் வழியாகவோ நுழைந்து வேலை செய்யலாம். ஆனால் இவ்விரண்டும் வெளிக்கணினியின் கர்னலையே, அதாவது இயங்குதளத்தின் கருவையே, பகிர்ந்துகொள்கின்றன. கர்னல், பூட் ஏற்றி, வன்பொருள் இயக்கி ஆகியவற்றைத் தொடும் பொதியாக இருந்தால் கியூஎம்யூ போன்ற மெய்நிகர் கணினியே தக்கது. சோதனைக்கு முன் அதன் வட்டு நிலையை ஒரு நகலாகச் சேமித்துக்கொண்டால், எதைக் கெடுத்தாலும் சில நொடிகளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

தனியிடம் அமைப்பதில் இன்னொரு பலனும் உண்டு. உங்கள் கணினியில் வரும் பழுது இந்தத் தூய அமைப்பில் வரவில்லை என்றால், பொதியைவிட உங்கள் அமைப்பின் மீதே முதலில் ஐயம் கொள்ள வேண்டும். பழுதறிதலில் பாதி நேரத்தை மிச்சப்படுத்தும் தகவல் அது.

இரண்டாம் படி: தொடுவதற்கு முன் பதிவு

ஸ்கிரிப்ட் என்ற கட்டளையை இட்டால், அதன்பின் முனையத்தில் தோன்றும் அனைத்தும் ஒரு கோப்பில் பதிவாகும். வேலை முடிந்ததும் எக்சிட் என்று இட்டு அதிலிருந்து வெளியேறலாம். இதைத் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். பிழைச்செய்தியின் சரியான வாசகம் என்ன என்று இரண்டு மணி நேரம் கழித்து நினைவிலிருந்து எழுத முயல்வதைப் போல வீண்வேலை வேறில்லை.

அடுத்ததாக, கடைசியாக என்ன மாறியது என்பதைப் பாருங்கள். /வார்/லாக்/ஆப்ட் அடைவிலுள்ள ஹிஸ்டரி.லாக் என்னும் கோப்பில், எந்த நாளில் எந்தக் கட்டளையால் எந்தப் பொதிகள் எப்பதிப்பிலிருந்து எப்பதிப்புக்கு மாறின என்ற விவரம் இருக்கும். அதே அடைவிலுள்ள டெர்ம்.லாக், நிறுவலின்போது திரையில் ஓடிய செய்திகளை அப்படியே வைத்திருக்கும். “நேற்றுவரை ஓடியது, இன்று ஓடவில்லை” என்ற முறையீட்டுக்குப் பெரும்பாலும் இவ்விரு கோப்புகளிலேயே விடை கிடைத்துவிடும். எதையும் நான் மாற்றவில்லையே என்று உறுதியாகச் சொல்பவரின் கணினியிலும், முந்தைய இரவு தானியங்கி மேம்படுத்தல் ஓடியிருப்பதை இந்தக் கோப்பு காட்டிக்கொடுக்கும்.

மூன்றாம் படி: பொதிமேலாளர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது?

டெபியனில் இரண்டு அடுக்குகள் உள்ளன. டிபிகேஜி ஒரு தனிப்பொதியை விரித்து, அமைத்து, நீக்கும். ஆப்ட் அதன் மேலிருந்து சார்புகளை (ஒரு பொதிக்குத் தேவையான பிற பொதிகளை) கணக்கிட்டுக் களஞ்சியங்களிலிருந்து பொதிகளைத் தருவிக்கும். பிழை எந்த அடுக்கில் எழுகிறது என்று பிரித்துப் பார்ப்பது முதன்மையானது.

டிபிகேஜி -எல் என்று இட்டால் ஒவ்வொரு பொதிக்கும் முன்னால் இரண்டு எழுத்துகள் தெரியும். முதலாவது நீங்கள் விரும்பிய நிலை, இரண்டாவது உண்மையான நிலை. “ஐஐ” என்றால் எல்லாம் ஒழுங்கு. “ஆர்சி” என்றால் பொதி நீக்கப்பட்டும் அமைவுக்கோப்புகள் எஞ்சியிருக்கின்றன. நீக்கி மறுநிறுவியும் பழுது போகாததற்கு இதுவே பல நேரங்களில் காரணம், ஏனெனில் ரிமூவ் கட்டளை அமைவுக்கோப்புகளைத் தொடுவதில்லை, பர்ஜ் கட்டளைதான் அவற்றை அகற்றும். “ஐயு” என்பது கோப்புகள் விரிக்கப்பட்டு இன்னும் அமைக்கப்படாத நிலை. “ஐஎஃப்” என்பது அமைக்கும் முயற்சி பாதியில் தோற்ற நிலை. இப்படிப் பாதியில் நிற்பவற்றை மட்டும் பட்டியலிட டிபிகேஜி --ஆடிட் உதவும்.

பாதியில் நின்ற பொதிக்கு டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ என்பதே வழக்கமான மருந்து. அது மறுபடியும் தோற்றால், தோற்பது பெரும்பாலும் அந்தப் பொதியின் போஸ்ட்இன்ஸ்ட் என்னும் சிறு நிரல்தான். அது /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ அடைவில் உரைக்கோப்பாகவே இருக்கிறது. அதைத் திறந்து படிக்கலாம். அதன் தொடக்கத்தில் செட் -எக்ஸ் என்ற வரியைச் சேர்த்துவிட்டு மறுபடி இயக்கினால், எந்த வரியில் நிற்கிறது என்பது திரையில் தெரியும். இதைச் சோதனை அமைப்பில் மட்டுமே செய்யுங்கள். அந்த நிரல் வெற்றிகரமாக முடிந்ததுபோல் காட்டுவதற்காக எக்சிட் 0 என்று எழுதிவிடும் பரிந்துரை இணையத்தில் உலவுகிறது; அது காய்ச்சலைக் குறைக்க வெப்பமானியை உடைப்பது போன்றது.

ஆப்ட் அடுக்கில் சிக்கல் என்றால் ஆப்ட்-கேஷ் பாலிசி கட்டளையுடன் பொதியின் பெயரைத் தந்து பாருங்கள். நிறுவப்பட்ட பதிப்பு, நிறுவத் தகுந்ததென ஆப்ட் கருதும் பதிப்பு, அவை வரும் களஞ்சியங்கள், ஒவ்வொன்றின் முன்னுரிமை எண் ஆகியவை தெரியும். வழக்கமான களஞ்சியத்துக்கு 500, நிறுவப்பட்டுள்ள பதிப்புக்கு 100 என்பவை இயல்பான எண்கள். வெளியாரின் களஞ்சியம் ஒன்று எப்போதோ சேர்க்கப்பட்டு, அதிலிருந்து உயர்ந்த பதிப்பெண்ணுடைய நிரலகம் (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) ஒன்று உள்ளே வந்திருந்தால், சார்புச் சிக்கல்களில் பாதிக்கு மேல் அதனால்தான் என்பது என் அனுபவம். எதையும் நிறுவுவதற்கு முன் -எஸ் என்ற தெரிவுடன் ஒத்திகை பார்த்து, நீக்கப்படவுள்ள பொதிகளின் பட்டியலைப் படியுங்கள். ஒரு சிறு கருவியை நிறுவப் போய் முழுப் பணிமேடைச் சூழலையும் நீக்க இசைந்துவிட்டவர்கள் பலர்.

நான்காம் படி: கோப்புகள் அவைதாமா?

டிபிகேஜி -வி (பெரிய எழுத்து) கட்டளை, நிறுவியபோது இருந்த சரிபார்ப்புத் தொகையோடு இப்போதுள்ள கோப்புகளை ஒப்பிட்டு, மாறுபட்டவற்றை மட்டும் காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் நல்ல செய்தி. பெயருக்கு முன்னால் “சி” என்ற எழுத்துடன் வரும் கோப்பு அமைவுக்கோப்பு. அதை நீங்களே மாற்றியிருக்கலாம். அந்த எழுத்து இல்லாமல் மாறுபாடு தெரிந்தால் வட்டுப் பழுதோ, யாரோ கைவைத்ததோ காரணமாக இருக்கலாம்.

அமைவுக்கோப்பைப் பொறுத்தவரை, மேம்படுத்தலின்போது “பழையதை வைத்துக்கொள்வதா, புதியதை ஏற்பதா” என்று கேட்கும் இடத்தில் நாம் அளித்த விடையின் சுவடும் கிடைக்கும். பழையதை வைத்திருந்தால் புதியது டிபிகேஜி-டிஸ்ட் என்ற ஈற்றுடனும், புதியதை ஏற்றிருந்தால் நம்முடையது டிபிகேஜி-ஓல்ட் என்ற ஈற்றுடனும் அருகிலேயே இருக்கும். இரண்டையும் டிஃப் கொண்டு ஒப்பிட்டால், புதிய பதிப்பில் கைவிடப்பட்ட ஏதோ ஒரு தெரிவு நம் கோப்பில் தங்கியிருப்பது புலப்படும்.

அடுத்து, உண்மையில் இயங்குவது எது என்பதை உறுதி செய்யுங்கள். டைப் -ஏ கட்டளையுடன் நிரலின் பெயரைத் தந்தால், அதே பெயரில் உள்ள எல்லா நிரல்களும் தேடல் வரிசைப்படி தெரியும். /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடைவு இயல்பாகவே /யுஎஸ்ஆர்/பின் அடைவுக்கு முன்னால் தேடப்படுகிறது. நிரலகங்களுக்கும் அதே கதைதான்: என்றோ மூலநிரலிலிருந்து கட்டி /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் அடைவில் போட்டுவைத்த நிரலகம், டெபியனின் நிரலகத்தை முந்திக்கொண்டு ஏற்றப்படும். ஒரு முறை, பட மாற்று நிரல் ஒன்று “குறியீட்டைக் காணவில்லை” என்று சொல்லி விழுந்துகொண்டே இருந்தது. அதை நான்கு முறை மறுநிறுவிய பிறகுதான், இரண்டாண்டுகளுக்கு முன் நானே கட்டி மறந்துபோன ஒரு நிரலகம் கண்ணில் பட்டது. எல்டிடி கட்டளை எந்த நிரலகம் எங்கிருந்து ஏற்றப்படுகிறது என்று காட்டும். நம்பகமற்ற இடத்திலிருந்து வந்த நிரலின் மீது அதைப் பயன்படுத்த வேண்டாம். சில சூழல்களில் அந்த நிரலையே அது இயக்கிவிடக்கூடும். அப்படிப்பட்டவற்றுக்கு ஆப்ஜ்டம்ப் -பி பாதுகாப்பானது.

ஐந்தாம் படி: நிரல் எப்படிச் சாகிறது?

நிரல் நின்றவுடன் எக்கோ $? என்று இட்டு அதன் முடிவெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 127 என்றால் கட்டளையே கிடைக்கவில்லை. 126 என்றால் கிடைத்தும் இயக்க இசைவில்லை. 128க்கு மேற்பட்ட எண், நிரல் ஒரு சமிக்ஞையால் கொல்லப்பட்டதைக் குறிக்கும். 128ஐக் கழித்தால் சமிக்ஞையின் எண் வரும். 139இல் கழித்தால் 11: தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. 134இல் கழித்தால் 6: தனக்குள்ளேயே ஒரு முரண்பாட்டைக் கண்டு நிரல் தானே நின்றிருக்கிறது. 137இல் கழித்தால் 9: வெளியிலிருந்து கொல்லப்பட்டிருக்கிறது, நினைவகம் தீர்ந்து கர்னலே கொன்றதா என்பதை ஜர்னல்சிடிஎல் -கே காட்டும். இந்த ஓர் எண் நீங்கள் போகவேண்டிய திசையைத் தீர்மானிக்கிறது; 137க்கு மூலநிரலைத் தோண்டுவதும் 139க்கு நினைவகத்தைக் கூட்டுவதும் பெரும்பாலும் வீண்.

பின்னணிச் சேவையாக இருந்தால் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் முதலில், ஜர்னல்சிடிஎல் -யு அடுத்து. இவற்றில் போதிய விவரம் இல்லாவிட்டால் எஸ்டிரேஸ் கருவியை எடுங்கள். நிரல் கர்னலிடம் கேட்கும் ஒவ்வொன்றையும் அது எழுதிவைக்கும். -எஃப் தெரிவு கிளைச் செயல்முறைகளையும் பின்தொடரும், -ஓ தெரிவு வெளியீட்டைக் கோப்பில் சேர்க்கும். முதன்முறை பார்ப்பவர்களைக் குழப்புவது, “அப்படியொரு கோப்பு இல்லை” எனப் பொருள்படும் ஈனோஎன்ட் வரிகள் நூற்றுக்கணக்கில் வருவதுதான். அவற்றுள் பெரும்பான்மை இயல்பானவை. நிரல் ஒரே கோப்பைப் பல அடைவுகளில் வரிசையாகத் தேடுகிறது. ஆகவே மேலிருந்து கீழே படிக்காதீர்கள். பிழைச்செய்தி எழுதப்பட்ட வரியைக் கடைசியில் தேடிப்பிடித்து, அங்கிருந்து மேல்நோக்கி ஏறுங்கள். அதற்குச் சற்று முன்னால் தோற்ற அழைப்புதான் பெரும்பாலும் குற்றவாளி.

139ஆக இருந்தால் நிரல் விழுந்த இடத்தை ஆராயும் ஜிடிபி என்ற கருவி தேவை. டெபியனின் டீபக்இன்ஃபோடி சேவையகத்தைச் சூழல்மாறியில் (நிரல்கள் தொடங்கும்போது பெறும் பெயரிட்ட மதிப்பில்) குறித்துவிட்டால், வேண்டிய குறியீட்டுத் தகவலை ஜிடிபி தானே தருவித்துக்கொள்ளும். அது இல்லாமல் எடுத்த அழைப்புத்தடத்தில் கேள்விக்குறிகளே நிறைந்திருக்கும். நிரலின் நினைவக உருவான கோர் கோப்பை அப்படியே யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்; உங்கள் கடவுச்சொற்களும் அதில் இருக்கக்கூடும்.

ஆறாம் படி: சூழலையும் ஒரு சாட்சியாக விசாரித்தல்

முனையத்தில் ஓடும் நிரல், குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் கிரான் வழியாக ஓடாமல் போவதும், ஒரு பயனருக்கு வேலை செய்வது மற்றவருக்குச் செய்யாததும் பெரும்பாலும் சூழல்மாறிகளின் வேலை. என்வ் -ஐ என்று முன்னால் சேர்த்தால் எல்லா மாறிகளும் நீங்கிய வெற்றுச் சூழலில் நிரல் ஓடும். பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

இதன் மதிப்பை உணர்த்த 2024 மார்ச்சில் வெளிப்பட்ட, எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்குக் கருவியின் விவகாரத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தள உருவாக்குநர்களுள் ஒருவரான ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட், டெபியனின் உருவாக்கக் கிளையான சிட்டில் வேகச் சோதனைக்குத் தயார்செய்துகொண்டிருந்தபோது, தொலைகணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். சுமார் 0.3 நொடியில் முடியவேண்டியது 0.8 நொடி எடுத்தது. அந்த அரை நொடியைத் தொடர்ந்து சென்றவர், எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவாசல் ஒன்று வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு மார்ச் 29 அன்று அறிவித்தார். தீங்கான துண்டு, பொதியின் சோதனைக்கோப்புகள் என்ற போர்வையில் மறைக்கப்பட்டிருந்தது; அதை உயிர்ப்பிக்கும் வரிகள், மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியிடப்பட்ட மூலநிரல் கட்டில் மட்டும் இருந்தன. இன்னும் நுட்பமானது, டெர்ம் என்ற சூழல்மாறி அமைந்திருந்தாலோ, ஏற்றியைக் கண்காணிக்கும் எல்டி_டீபக் அமைந்திருந்தாலோ அது செயல்படாமல் அடங்கிக்கிடந்தது. அதாவது, ஆராய்பவர் வழக்கமாகப் பயன்படுத்தும் முனையத்தில் அது தன்னைக் காட்டிக்கொள்ளாது. வெற்றுச் சூழலில் இயக்கியபோதே வெளிப்பட்டது. டெபியனின் அன்றைய நிலைப்பதிப்பான புக்வோர்மில் பழைய 5.4 வரிசை இருந்ததால் அது தப்பியது.

மொழிச் சூழலும் இதில் அடங்கும். தமிழ் இடைமுகத்தில் பணியாற்றுபவர்கள் பிழைச்செய்தியைத் தேடுவதற்கோ அறிக்கையில் சேர்ப்பதற்கோ எல்சி_ஆல் மாறியை சி.யுடிஎஃப்-8 என்று வைத்து மூலச்செய்தியை எடுக்கலாம். அதே நேரத்தில், தமிழர்கள் மட்டுமே எளிதாகச் செய்யக்கூடிய சோதனைகளும் இருக்கின்றன, அவற்றைத் தவறவிடாதீர்கள். யுடிஎஃப்-8இல் “க” 3 பைட் கொள்ளும். “கி”, “க்” போன்றவை 6 பைட் கொள்ளும். எக்ஸ்ட்4 கோப்புமுறையில் கோப்புப்பெயருக்கு 255 பைட் எல்லை என்பதால், 42 எழுத்துகளைத் தாண்டாத தமிழ்ப்பெயரே அதை நிறைத்துவிடக்கூடும். பெயரோடு தற்காலிக ஈறு ஒன்றைச் சேர்த்து எழுதும் நிரல்கள் இங்கே தடுமாறும். அதுபோல “கொ” என்பதை ஒகரக்குறி ஒன்றாகவோ, எகரக்குறியும் ஆகாரக்குறியும் இணைந்ததாகவோ எழுத முடியும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்களை லினக்ஸ் இரு வேறு கோப்புகளாகக் கருதும். காப்புநகல் எடுக்கும் எந்தக் கருவிக்கும் நான் வைக்கும் முதல் தேர்வு இதுதான்.

ஏழாம் படி: பொதியின் சொந்தச் சோதனைகள்

பல பொதிகள் தங்கள் சோதனைகளைத் தாங்களே சுமந்து வருகின்றன. ஆட்டோபிகேஜிடெஸ்ட் கருவி, டெபியன்/டெஸ்ட்ஸ் அடைவில் வரையறுத்தவற்றை நிறுவப்பட்ட பொதியின் மீது இயக்குகிறது. அதன் முடிவெண் 4 என்றால் சோதனை தோற்றது; 16 என்றால் சோதனைக்களமே பழுது, பொதியின் மீது பழி போடாதீர்கள். வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், பிழைவெளியீட்டில் ஒரு வரி வந்தாலும் சோதனை தோற்றதாகவே அது கணக்கிடும் என்பது புதியவர்களை வியக்கவைக்கும். நிறுவல், மேம்படுத்தல், நீக்கல் ஆகியவை குப்பை எதையும் விட்டுச்செல்லாமல் நடக்கின்றனவா என்று பார்ப்பது பியூபார்ட்ஸ்.

எட்டாம் படி: எப்போது கெட்டது?

முந்தைய பதிப்பில் பழுது இல்லை என்றால் வேலை எளிதாகிவிடும். டெபியனின் ஸ்னாப்ஷாட் காப்பகம் பழைய பொதிகளை நாள்வாரியாக வைத்திருக்கிறது. அதைக் களஞ்சியமாகச் சேர்க்கும்போது, காலாவதியான பட்டியல் என்று ஆப்ட் மறுக்கும்; அந்த வரியில் மட்டும் செக்-வேலிட்-அன்டில்=நோ என்று குறித்தால் ஏற்கும்.

எந்தப் பதிப்பில் கெட்டது என்று தெரிந்தபின், மூலநிரலின் கிட் களஞ்சியத்தில் கிட் பைசெக்ட் கொண்டு எந்த மாற்றத்தால் கெட்டது என்பதைக் காணலாம். ஒவ்வொரு முறையும் பாதியாக வெட்டிச் செல்வதால் 1,000 மாற்றங்கள் இருந்தாலும் சுமார் 10 சோதனைகள் போதும். ரன் தெரிவுடன் ஒரு சிறு சோதனை நிரலைத் தந்தால் அது தானே ஓடி முடிக்கும்: 0 நல்லது, 1 முதல் 127 வரை கெட்டது, அவற்றுள் 125 மட்டும் “இதைச் சோதிக்க முடியாது, தாண்டு” என்பதன் குறி. 127க்கு மேல் போனால் தேடலே நின்றுவிடும். ஆகவே 139 தந்து சாகும் நிரலைத் தேடுகையில், அந்த எண்ணை 1 ஆக மாற்றித்தரும் உறைநிரல் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். கட்டமுடியாத இடைநிலைகளுக்கு 125ஐத் தர மறந்தால், குற்றமற்ற ஒரு மாற்றத்தின் மீது பழி விழும்.

ஒன்பதாம் படி: அறிக்கையும் திருத்தமும்

ரிப்போர்ட்பக் கருவி பதிப்பு, சார்புகள், கர்னல், மொழிச்சூழல் ஆகியவற்றைத் தானே திரட்டிச் சேர்க்கும். அது முதலில் காட்டும் பழைய வழுக்களின் பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் எழுதவேண்டியவை மூன்று: செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது. ஊகத்தை ஊகம் என்றே குறிப்பிடுங்கள். கடுமை அளவில் கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ் ஆகிய மூன்றும் அடுத்த வெளியீட்டையே தடுக்கக்கூடியவை என்பதால், கோபத்தில் அவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பாதுகாப்பு ஓட்டை என்று தோன்றினால் பொதுவில் எழுதாமல் டெபியன் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாகத் தெரிவியுங்கள்.

திருத்தத்தையும் சேர்த்து அனுப்புபவர்கள், எச்சரிக்கை மறைந்ததைப் பழுது தீர்ந்ததாகக் கொள்ளக்கூடாது. 2006இல் வால்கிரைண்ட் என்னும் நினைவகச் சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை அகற்றுவதற்காக டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்கப் பொதியில் வரிகள் நீக்கப்பட்டன. எச்சரிக்கை போயிற்று, கூடவே சமவாய்ப்பு எண்களுக்கான விதையும் போயிற்று. எஞ்சியது செயல்முறை எண் மட்டுமே, அதாவது அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். 2008 மே 13 அன்று அறிவிப்பு வரும்வரை ஏறத்தாழ 20 மாதங்கள், எளிதில் ஊகிக்கத்தக்க சாவிகள் உருவாகிக்கொண்டே இருந்தன. நிரல் ஒருமுறைகூட விழவில்லை. ஆகையால் திருத்தத்தோடு, திருத்தமின்றித் தோற்று, திருத்தத்தோடு வெல்லும் சோதனை ஒன்றையும், நீங்கள் தொட்ட வரி ஏன் அங்கே இருந்தது என்பதற்கான விளக்கத்தையும் அனுப்புங்கள். விளக்கம் எழுத வரவில்லை என்றால் மூல உருவாக்குநரிடம் கேளுங்கள்.

திருத்தம் வரும்வரை நல்ல பழைய பதிப்பைத் தக்கவைக்க ஆப்ட்-மார்க் ஹோல்ட் உதவும். ஆனால் அப்படிப் பிடித்துவைத்த பொதிக்குப் பாதுகாப்பு மேம்படுத்தல்களும் வராது. வழு எண்ணையும் பிடித்துவைத்த நாளையும் ஒரு குறிப்பில் எழுதிவைத்து, மாதம் ஒருமுறை ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் இட்டுப் பாருங்கள். வழு மூடப்பட்டிருந்தால் அன்ஹோல்ட் கட்டளையால் அதை விடுவித்துவிடுங்கள்.